சுண்ணாம்பு என்று எழுதியவள்

செகாம்பூட் கிடங்கில்
கணக்கு எழுதத்தான் என்னை எடுத்தார்கள்.
தமிழ் தெரியும் என்றதும்
மூட்டைகளுக்குப் பெயர் எழுதுவதையும்
தலையில் கட்டினார்கள்.

அ வரிசை மூட்டை,
மலையை உடைத்து மாவாய் அரைத்தது.
பெயிண்டுக்குப் போகும், பற்பசைக்குப் போகும்,
குழாய் செய்கிறவன் லாரி லாரியாய் வாங்குவான்.
இந்தத் தாளின் வெண்மையில் பாதி அதுதான்.
மீ கோரெங் தின்றுவிட்டு
நெஞ்சு எரிகிற இரவுகளில் நான் கடிக்கும்
புதினா மாத்திரையும் அதுவே.
தூசி ஏறினால் இருமல் வரும்.
முகக்கவசம் போட்டால் அதுவும் இல்லை.

ஆ வரிசை மூட்டை,
அதே மலை. சூளைக்குப் போய் வந்தது.
பார்வைக்கு அதே வெள்ளை, அதே மௌனம்.
தண்ணீர் பட்டால் சீறும், கொதிக்கும்.
வியர்வையும் அதற்குத் தண்ணீர்தான்.
கண்ணீரும்.

இரண்டின் மேலும் நான் எழுதினேன்:
சுண்ணாம்பு.

தப்பு என்று எப்படிச் சொல்வது?
சுவரில் அடித்தாலும் சுண்ணாம்பு,
வெற்றிலையில் தடவினாலும் சுண்ணாம்பு,
என் பன்னிரண்டாம் மாடி ஜன்னலில்
வெயிலுக்கு வெளுத்துத் தெரிகிற பத்துமலையும்
அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடும்.
மலாய் லேபிளைப் பார்த்தேன்: காப்பூர்.
கரும்பலகையில் எழுதும் கட்டியும் காப்பூர்,
துணி அலமாரியில் போடும் உருண்டையும் காப்பூர்.
ஆனால் சுட்டதற்கு மட்டும்
ஒரு வால் ஒட்டியிருந்தார்கள், தோஹோர் என்று.
அந்த வாலை நான் கொண்டுவரவில்லை.
லேபிளில் இடம் போதவில்லை.
எழுத்தைச் சிறிதாக்கியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை மழை. கூரை ஒழுகியது.
ஆ வரிசையில் ஒரு மூட்டை
காய்ச்சல்காரன் போலச் சூடாக இருந்தது.
புவனேந்திரன் அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான்.
"சுண்ணாம்புதானே அக்கா" என்றான்.
அடிப்பக்கம் பிய்ந்தது.
முழங்கையால் முகத்தைத் துடைத்தான்.
அதன் பிறகு அவன் போட்ட சத்தத்தை
எந்த எழுத்தில் எழுதுவது?

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று
மாமியாரை ஏசுவதற்குச் சொல்வோம்.
சொன்னவர் யாரும்
அந்தக் கண்ணைத் திறந்து பார்த்ததில்லை.

கண் கழுவும் குழாயை மறைத்து
மூன்று அடுக்கு அட்டைப்பெட்டி.
அஸ்ஹார்தான் அவனை இழுத்துக்கொண்டு ஓடினான்,
சூராவுக்குப் பின்னால், தொழுகைக்கு முன்
கால் கழுவுகிற குழாய்க்கு.
கன்டீன்காரர் வினிகர் போத்தலோடு வந்தார்.
வேண்டாம், தண்ணீர் மட்டும் என்று கத்தினேன்.
ஆங்கிலத் தாளில் அதை நான் படித்திருந்தேன்.
உலர்ந்த பொடியை முதலில் தட்டிவிடு,
தேய்க்காதே, இமையை விரித்துப் பிடி,
இருபது நிமிடம் ஓடும் தண்ணீர்,
பிறகு மருத்துவமனை.
படித்திருந்தேன். தமிழில் எழுதவில்லை.
கேட்டது பெயர் மட்டும்தானே.

இமையை நான் பிடித்துக்கொண்டேன்.
பதினொரு நிமிடத்தில்
"போதும் அக்கா, போதும்" என்று அழுதான்.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
விடவில்லை.

ஆறு வாரம் கழித்து வேலைக்கு வந்தான்.
வலது கண்ணின் ஓரத்தில் ஒரு மேகம்,
அது போகாது என்று ஜி.எச்.சில் சொல்லிவிட்டார்களாம்.
அதற்குள் லேபிள் மாறியிருந்தது.
அ வரிசைக்குக் கல்மாவு.
ஆ வரிசைக்குச் சிவப்பில்,
சுட்ட சுண்ணாம்பு. ஈரம் ஆகாது. கண் பத்திரம்.
இவ்வளவு பெரிதாகவா என்றார் மேனேஜர்,
மையின் விலையைச் சொல்லி.
இவ்வளவு பெரிதாகத்தான் என்றேன்.

என்மேல் அவனுக்குக் கோபம் இருந்ததா, தெரியாது.
நான் கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை.
ஒருநாள் மதியம்
மாத்திரை அட்டை ஒன்றை என் மேசையில் வைத்தான்.
மனைவிக்கு ஐந்தாம் மாதம்,
கிளினிக்கில் கொடுத்த கால்சியம்.
"இது எந்த வரிசை?"
"அ" என்றேன்.
தின்னலாம், டாக்டர் சொன்ன கணக்குக்கு மேல் வேண்டாம்,
இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்க்க வேண்டாம்.
இடது கண்ணருகே பிடித்து
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"எழுதிக் கொடுங்க."

பேனாவை எடுத்தேன்.
அட்டையின் பின்புறம்
இரண்டு விரல் அகலம் இருந்தது.
எழுத்தைச் சிறிதாக்கினேன்.